கொடுங்கோல் உலகத்துக் கதைய குறும்படமா எடுக்கறப்ப செய்யக்கூடாத தப்புங்க

சேலத்துல குறும்படம் எடுக்குற பசங்க பல பேரு, எதிர்காலத்துல நடக்குற சர்வாதிகார ஆட்சி பத்தின டீனேஜ் நாவலுங்கள படிச்சிட்டு இத நம்ம ஊர்லயே வச்சு எடுக்கலாம்னு கெளம்பறாங்க, நல்ல ஆசை தான், ஆனா கேமராவ தூக்கிட்டு 20 ஹேர்பின் பெண்டும் ஏறி ஏற்காடு போயி, பனிமூட்டத்துல பாழடஞ்ச பங்களா முன்னாடி கருப்பு சட்ட போட்ட நாலு பேர நிக்க வச்சிட்டா வேல முடிஞ்சதுன்னு நெனச்சிடறாங்க. முதல் தப்பே அது தான். பனி அழகா இருக்கும், பயம் வராது. இந்த மாதிரி கதைல பயம் வர்றதே அங்க இருக்குற சட்டத்துனால, அந்த சட்டம் ஒரு வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து நிக்கறதுனால.

தி ஹங்கர் கேம்ஸ் நாவல (2008) எடுத்துக்கோங்க. 12 வயசுலேருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க பேர குலுக்கல்ல போட்டு, டிவில காட்டற சாவுப் போட்டிக்கு அனுப்பறாங்கங்கறது எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள இன்னொரு கொடும இருக்கு, வீட்ல சோத்துக்கு இல்லாத பிள்ளை தானியமும் எண்ணெயும் வாங்கிக்கலாம், பதிலுக்கு அது பேர்ல கூடுதலா சீட்டு விழும், வருஷா வருஷம் சேந்துகிட்டே வரும். கதாநாயகி, 16 வயசு காட்னிஸ் பேர்ல 20 சீட்டு, அவ நண்பன் கேல் பேர்ல 42. அதாவது ஏழ வீட்டுப் பிள்ளைக்கு தான் சாவு கிட்டக்க இருக்கு. 2012ல வந்த படத்துல இது ஒன்னு ரெண்டு வரி பேச்சோட போயிடுது, எனக்கு அது பெரிய இழப்பா தான் படுது. நம்ம ஊர்ல எடுக்கறவங்க இத விடவே கூடாது. ரேஷன் கட கியூல நிக்குற ஒரு பொண்ணு, கூட ரெண்டு கிலோ அரிசிக்காக ரேகை வைக்குது, பின்னாடி நிக்குற அம்மா தலைய திருப்பிக்கறாங்க, அவ்ளோ போதும், செட்டு எதுவும் வேணாம். சேலத்துலயே கொலுசு பட்டறை இருக்கு, வெள்ளக்கல்லு (மேக்னசைட்) சுரங்கம் இருக்கு, யாரு உழைக்கறா யாரு அனுபவிக்கறான்னு காட்ட ஏற்காடு வரைக்கும் போகவே வேணாம்.

அடுத்து வாய்ஸ் ஓவர். நாவல் முழுக்க காட்னிஸே பேசற மாதிரி இருக்கும், அதுக்காக படத்துலயும் முதல் நிமிஷத்துலேருந்து கதாநாயகி குரல்ல 'எங்க நாட்ல...'ன்னு ஆரம்பிக்காதீங்க. அந்தப் படத்துல அப்படி செய்யல, போட்டிய நடத்தறவங்க உக்காந்திருக்கற கண்ட்ரோல் ரூம காட்டுனாங்க, கதைல வர்ற விஷக் குளவி என்ன பண்ணும்ங்கறத டிவி தொகுப்பாளர் வாயால சொல்ல வச்சாங்க. தகவலும் வந்துடுது, பிள்ளைங்க சாவ வேடிக்க பாக்குற கூட்டமும் தெரிஞ்சிடுது.

வயச கூட்டறதும் தப்பு. தி கிவர் நாவல்ல (1993) ஜோனாஸ் 12 வயசுப் பையன், 2014 படத்துல வாலிபன் ஆக்கிட்டாங்க. ஒன்னும் தெரியாத சின்னப் பையன் உண்மைய கண்டுபிடிக்கறப்ப நமக்கு வர்ற பதைபதைப்பு அதுல கொறஞ்சு போச்சு. அந்த ஊர்ல யாருக்கும் கலரே தெரியாதுங்கறத புத்தகம் ரொம்ப நேரம் மறச்சு வைக்கும், படம் ஆரம்பத்துலயே கருப்பு வெள்ளைல வந்துடுது. காலேஜ் பசங்க கெடைக்கறது ஈசி தான், ஆனாலும் எட்டாவது படிக்கற பிள்ளைய தேடிப் புடிங்க.

மாத்தவே கூடாதுன்னு சொல்லல. ஏற்காடு ரோட்டுல இன்னைக்கும் வளைவு நிக்குற நம்ம சேலத்து படக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் 1950ல மந்திரி குமாரி எடுத்தாங்களே, குண்டலகேசி கதைய வச்சு. எவ்ளவோ புதுசா சேத்தாங்க, ஆனா தள்ளிக் கொல்ல கூட்டிட்டுப் போன புருஷன பொண்டாட்டியே மலைலேருந்து தள்ளி விடற எடத்த மட்டும் கைவிடல.

காதல் டிராக்க இழுக்காதீங்க, குறும்படத்துல ஒரு பார்வை போதும். பாகம் 2 வரும்னு முடிக்காம தொங்க விடாதீங்க, டைவர்ஜென்ட்ங்கற நாவல் வரிசைய படமா எடுத்தப்ப கடைசி புத்தகத்த ரெண்டா பிரிச்சு 2016ல முதல் பாதி விட்டாங்க, அது ஓடல, மீதிப் படம் வரவே இல்ல.

அப்புறம் அனுமதி. யூடியூப்ல சும்மா தான் போடறோம், காசு வாங்கலன்னாலும் இந்த நாவலுங்க எல்லாத்துக்கும் காப்பிரைட் இருக்கு. அனுமதி கெடைக்கலன்னா கதாபாத்திரம், பேரு, சம்பவம் எல்லாத்தையும் விட்டுட்டு நீங்களா ஒரு சட்டத்த யோசிங்க, அது யார் வீட்டு சோத்துல கை வைக்குதுன்னு முதல்ல எழுதுங்க, லொகேஷன் அப்புறம் பாத்துக்கலாம்.