சண்டைக்காட்சி அனிமேஷன்: அடி கனமாக விழாமல் போவது ஏன்?

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் புதிதாகச் சண்டைக்காட்சி செய்பவர்கள் பெரும்பாலும் கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முஷ்டி பின்னால் இருக்க ஒரு கீஃபிரேம் (உடலின் நிலையை நாமே குறித்து வைக்கும் ஃபிரேம்), எதிராளியின் தாடையில் இன்னொன்று. ஓட்டிப் பார்த்தால் கை மட்டும் நீளும், அடி விழாது. நிஜத்தில் பின்கால் தரையை உந்தி, இடுப்பு திரும்பி, தோள் தொடர்ந்து, கடைசியில்தான் கை வருகிறது. ஆகவே முதலில் பாதத்தையும் இடுப்பையும் அமையுங்கள். கைக்கு இரண்டு ஃபிரேம் முன்பே இடுப்பு திரும்பினால் போதும், அதே குத்துக்குக் கனம் வந்துவிடும். ஊன்றிய கால் தரையில் வழுக்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். எல்லாவற்றையும் வேகமாக்கினால் எதுவுமே வேகமாகத் தெரியாது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், ஒரு வட்ட உதைக்கு முழங்காலைத் தூக்கித் தயாராக 6 முதல் 8 ஃபிரேம் கொடுங்கள். வீச்சுக்கு 2 அல்லது 3 போதும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு தவறு இருக்கிறது. இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையிலான அசைவுக்குப் பிளெண்டர் தானாகப் போடும் பெசியர் வளைவு, கீஃபிரேமை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். உதையின் கடைசி கீஃபிரேமை எதிராளியின் விலாவிலேயே வைத்தால், கால் அங்கே மெல்லப் போய்ச் சாய்ந்து நிற்கும். அந்த கீஃபிரேமை விலாவுக்கு ஒரு சாண் அப்பால் வையுங்கள். வழியில் படும் இடத்தைக் கால் முழு வேகத்தில் கடக்கும். கால் விலாவைத் தொடும் ஃபிரேமிலேயே எதிராளியின் உடலும் நகரத் தொடங்க வேண்டும். முன்னதாக நகர்ந்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். விலா முதலில் ஒடுங்கட்டும், தலையும் கைகளும் ஓரிரு ஃபிரேம் பிந்தி வரட்டும்.

சிலம்பம் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ரிக்கில், அதாவது உருவத்தை அசைக்கும் எலும்புக்கூட்டில், எலும்புகளின் சுழற்சி முறை பொதுவாகக் குவாட்டர்னியன்; அது எத்தனை சுற்று என்று எண்ணாது, முடியும் நிலையை மட்டுமே பார்க்கும். முழுச் சுற்றுக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கீஃபிரேம் வைத்தால் இரண்டும் ஒரே நிலைதான், கம்பு அசையவே அசையாது. முக்கால் சுற்று என்றாலோ குறுக்கு வழியில் பின்னோக்கித் திரும்பிவிடும். ஒவ்வொரு கால்பங்குச் சுற்றுக்கும் ஒரு கீஃபிரேம் வையுங்கள், இல்லையென்றால் கம்பின் எலும்பை மட்டும், சுழற்சியைக் கோண அளவாகவே வைக்கும் ஆய்லர் முறைக்கு மாற்றுங்கள். கம்பு கை மாறும் இடத்தில், கம்பை ஒவ்வொரு கையோடும் பிணைக்கும் சைல்ட் ஆஃப் கன்ஸ்ட்ரெயின்ட் இரண்டையும் ஒரே ஃபிரேமில் மாற்றாவிட்டால் கம்பு துள்ளும்.

போஸ்கள் சரியாகும் வரை, இடையில் அசைவு இல்லாமல் ஒரு போஸிலிருந்து அடுத்ததற்குத் தாவும் கான்ஸ்டன்ட் இன்டர்போலேஷனிலேயே இருங்கள். சீக்கிரம் மென்மையாக்கிவிட்டால், மோசமான போஸும் அசைவில் மறைந்து கடைசி வரை உள்ளேயே கிடக்கும்.

கேமராக் குலுக்கலைக் கடைசியில் சேருங்கள். அது இல்லாமலே அடி பட்டது தெரிகிறது என்றால்தான் அதைச் சேர்க்கும் நேரம் வந்திருக்கிறது. தெரியவில்லையா, திரும்ப இடுப்புக்கே போங்கள்.