ஸ்வாட் அட்டவணை ஏன் உதவவில்லை, எப்படிச் சரிசெய்தோம்

திருப்பூரில் ஒரு ஜாப்வொர்க் (பிறர் தரும் துணியைக் கூலிக்குத் தைக்கும்) தையல் யூனிட்டுக்கு ஸ்வாட் போட்டோம்: பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று தொழிலின் நிலையை நாலு கட்டத்தில் எழுதும் முறை. முதல் சார்ட்டில் நாலு கட்டமும் நிரம்பி வழிந்தது, ஒரு முடிவும் வரவில்லை. "வாய்ப்பு" கட்டத்தில் "புது ஓவர்லாக் மெஷின் வாங்கலாம்" என்றிருந்தது. அது வாய்ப்பே இல்லை, நாம் எடுக்கும் முடிவு. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

ஒரு கேள்வி இதைச் சரிசெய்தது: நாளைக்கே யூனிட்டை மூடினாலும் இந்த விஷயம் வெளியே இருக்குமா? இருக்குமென்றால் வாய்ப்பு அல்லது அச்சுறுத்தல். இல்லையென்றால் பலம், பலவீனம். நூல் விலையேற்றம் அச்சுறுத்தல். பில் போடத் தாமதிப்பது பலவீனம்.

அடுத்தது ஆதாரம். "நல்ல தரம்" என்பதை அடித்துவிட்டு, செக்கிங் நோட்டைப் பார்த்து நூறு பீஸுக்கு எத்தனை ஆல்டர் (திருத்த வேண்டிய பீஸ்) என்று எழுத வைத்தோம். எண் இல்லாத வரி வெளியே. கட்டத்துக்கு ஐந்து வரி போதும். டெய்லரும் செக்கரும் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரட்டும். முதலாளி முன்னால் கேட்டால் பலவீனக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

பிறகு பலம், பலவீனத்தை வாய்ப்பு, அச்சுறுத்தலோடு கோக்க வேண்டும். 1982இல் மேலாண்மைப் பேராசிரியர் ஹைன்ஸ் வைரிச் எழுதிய டவுஸ் (TOWS, ஸ்வாட்டின் எழுத்துகளைத் திருப்பிப் போட்ட பெயர்) முறை இது. எங்கள் யூனிட்டில் இப்படி வந்தது. சிறு உற்பத்தி நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணம், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டினால், கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அதனால் வாங்கியவர் பணத்தைச் சீக்கிரம் தரப் பார்ப்பார்; இது வாய்ப்பு. நாம் சிறு நிறுவனம் என்று காட்டும் அரசுப் பதிவான உத்யம் பதிவு இல்லாதது பலவீனம். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் வேலை தெரிந்துவிட்டது: உத்யம் பதிவு செய்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுவது. பொறுப்பு கணக்கருக்கு, கெடு பதினைந்து நாள்.