பிரசவ வலி வந்து நின்றுவிட்டால்

கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும்வரை வலி வருவதும் நிற்பதும் சகஜம். மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆகவேண்டும் என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது.

முதலில் சிறுநீர் கழியுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்: நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும். முட்டாவிட்டாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அரை மணிக்கொருதரம் நிலையை மாற்றுங்கள்: கொஞ்சம் நடை, முட்டிபோட்டு முன்னால் சாய்தல், முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்தல். மல்லாந்து மட்டும் கிடக்காதீர்கள். பெரிய ரத்தக்குழாய்கள் அழுந்தும்.

களைப்பாக இருந்தால் தூங்குங்கள். நடந்தே சோர்ந்தால் முக்கும் நேரத்தில் தெம்பிருக்காது. வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் வேண்டாம், வயிற்றுப்போக்குதான் மிச்சம். வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் டிரிப் மருத்துவமனையில், குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணித்தபடிதான்.

பனிக்குடம் உடைதல், ரத்தப்போக்கு, காய்ச்சல், அசைவு குறைதல், விட்டுவிடாத வலி: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.