கதைக்குள் பிரசங்கம் நுழைந்துவிட்டதா?

விசுவாசத்தை மையமாக வைத்துக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதல் வரைவு முடிந்ததும், பாத்திரங்கள் உபதேசம் பேசும் வரிகளை மட்டும் வண்ணப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். அவற்றை விட்டுவிட்டுக் காட்சியைச் சத்தமாக வாசியுங்கள். காட்சி நிற்கிறதா? தயங்காமல் அடித்துவிடலாம். நிற்கவில்லையென்றால் குறை வசனத்தில் இல்லை. அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எதை இழக்கப் பயப்படுகிறது என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வேதாகமமே இதில் நல்ல ஆசான். எபிரேய எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது. யோனா புத்தகம் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. லூக்கா 15இல், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கும் உவமையில், கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன் விருந்துக்குள் போனானா என்று இயேசு சொல்லவே இல்லை. (இளையவனைவிட அவன்தான் எனக்குச் சுவாரஸ்யமான பாத்திரம்.)

ஜெபக் காட்சிகளில் கூடுதல் கவனம் வேண்டும். நெருக்கடியில் இருப்பவர் அலங்கார வாக்கியங்களில் ஜெபிப்பதில்லை. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை இல்லாமல் இருளிலேயே முடிகிறது. உங்கள் பாத்திரமும் பதில் கிடைக்காமலே அந்த அத்தியாயத்தைக் கடக்கட்டும். அடுத்த பக்கத்திலேயே அற்புதம் நடத்திவிடாதீர்கள்.