ஓடுகிற மளிகைக்கடையைக் கைமாற்றி வாங்கும் முன்

"தினம் இருபதாயிரம் ஓடுதுங்க" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது. எந்த நாள் என்பதுதான் கேள்வி. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் பரவலாகச் சனிக்கிழமைதான் சம்பளம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளை நம்பியிருக்கும் கடையில் சனி இரவும் ஞாயிறும் கல்லா நிறையும், புதன் வியாழனில் கடன் நோட்டு நிறையும். ஏழு நாளும் கல்லாப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தை வைத்து விலை பேசவே வேண்டாம், அது போனஸ் பணம்.

அடுத்து, ஓராண்டு கொள்முதல் பில்லையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் யுபிஐ வரவையும் ஒப்பிடுங்கள். மாதம் மூன்று லட்சத்துக்குச் சரக்கு எடுத்தவர் ஆறு லட்சத்துக்கு விற்றிருக்க முடியாது. தினம் 20,000 விற்று 12 சதவீதம் லாபம் நின்றால் மாதம் 72,000. வாடகை 15,000, கரண்ட் 6,000, இரண்டு ஆள் சம்பளம் 30,000 போக மிச்சம் 21,000. கடைக்குப் போட வட்டிக்கு வாங்கிய பணத்தை இது தாங்குமா என்று பாருங்கள்.

ஸ்டாக்கைக் கடை மூடிய பிறகு நீங்களே எண்ணுங்கள். ரேக்கின் முன்வரிசை எப்போதும் புதுசாகத்தான் இருக்கும். கையை உள்ளே விட்டுப் பின்வரிசை பாக்கெட்டை எடுத்துத் தேதி பாருங்கள். பருப்பு மூட்டையின் அடியில் கைவிட்டால் வண்டு தெரியும். எம்ஆர்பிக்கு அல்ல, கொள்முதல் விலைக்குத்தான் கணக்கு. ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் கம்பெனி வைத்தது. பில் இல்லாமல் அதற்குக் காசு தராதீர்கள். கடன் நோட்டையும் வாங்காதீர்கள், பழைய பாக்கியைப் பழைய ஓனரே வசூலிக்கட்டும்.

கட்டட ஓனரை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கைமாறக் கூடாது. அவர் எழுத்தில் சம்மதிக்காமல் கடையை உங்களுக்குள் கைமாற்றிக்கொண்டால் காலி செய்யச் சொல்ல அவருக்கு வழி இருக்கிறது. உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதிப் பதியுங்கள்.

ஜிஎஸ்டி எண் கூடவே வராது. நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும். ஆனால் கடை கைமாறும் நாள் வரையுள்ள வரி பாக்கிக்கு, ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி, வாங்குபவரும் பொறுப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் பாக்கியும் இப்படித்தான் வாசலுக்கு வந்து நிற்கும். அதனால் பேசிய தொகையில் ஒரு பங்கை மூன்று மாதம் கழித்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.