புது கருத்தடை முறைகள், பழைய கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொஞ்ச காலம் முன்பு வரை, தற்காலிகக் கருத்தடை வேண்டும் என்று அரசு மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுக்குக் காப்பர் டி அல்லது தினமும் போடும் ஹார்மோன் மாத்திரையான மாலா-என்தான் கிடைக்கும். 2017-ல் ஒன்றிய அரசு அந்தரா ஊசியையும் சாயா மாத்திரையையும் இலவசமாகக் கொண்டுவந்தது. கையில் தோலுக்கடியில் வைக்கும், மூன்று ஆண்டு வேலை செய்யும் சின்னக் குச்சியும் இப்போது சில இடங்களில் கிடைக்கிறது. முறைகள் மாறிவிட்டன, ஆனால் பலர் இன்னும் பழைய முறையின் கணக்கிலேயே புதியதையும் பயன்படுத்துகிறார்கள். பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சாயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மாத்திரை இது. ஹார்மோன் கிடையாது. மாத்திரை என்றாலே தினம் ஒன்று என்று நினைத்து இதையும் அப்படியே போடுபவர்கள் உண்டு. மாதவிடாயின் முதல் நாள் முதல் மாத்திரை. அது ஞாயிறு என்றால் அடுத்தது புதன். இப்படி மூன்று மாதத்துக்கு வாரம் இரண்டு, அதன் பிறகு அதே ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று. தினசரி காலண்டரில் அந்தக் கிழமைகளை இன்றைக்கே வட்டம் போட்டு வைத்துவிடுங்கள். ஒரு மாத்திரை மறந்துபோய் ஏழு நாள் ஆகவில்லை என்றால், ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாள் தாண்டிவிட்டால் மறுபடி வாரம் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களும், சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது.

அடுத்தது அந்தரா. ஊசி போட்டதும் கை தானாக அந்த இடத்தைத் தேய்க்கப் போகும், சின்ன வயசுப் பழக்கம். இதற்கு மட்டும் தேய்க்கவே கூடாது, ஒத்தடமும் வேண்டாம். மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து, தேய்த்தால் சீக்கிரம் கரைந்துவிடும். அப்புறம், இரண்டு மூன்று ஊசிக்குப் பிறகு சிலருக்கு மாதவிடாயே நின்றுபோகும். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சு" என்று பயந்து, அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ சொன்னதைக் கேட்டுப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உள்ளே எதுவும் தங்குவதில்லை. கருப்பையின் உள்சவ்வு தடிக்காததால் வெளியேற ரத்தமே இல்லை, அவ்வளவுதான். இதை ஊசி போடும் முன்பே நிதானமாகச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் விட மாட்டார்கள் என்பது என் எண்ணம். அடுத்த ஊசி நான்கு வாரம் வரை தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகே போடுவார்கள். ஆனால் ஒன்று: ஊசியை நிறுத்திய உடனே கரு தரிக்காது. கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் இதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

காப்பர் டி-யில் நடக்கும் தவறு வேறு மாதிரி: போட்ட தேதியை மறந்துவிடுவது. 380 ஏ வகை பத்து ஆண்டுக்கு, 375 வகை ஐந்து ஆண்டுக்கு. கொடுத்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். முதல் சில மாதம் ரத்தப்போக்கு கூடுதலாக இருப்பது சகஜம், பெரும்பாலும் தானே குறையும்.

"பால் கொடுக்கிறேன், கரு நிற்காது" என்ற நம்பிக்கையில் அடுத்த பிள்ளை உண்டானவர்கள் நம் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அது பாதுகாப்பு. மூன்றில் ஒன்று மாறினாலும் நம்பக் கூடாது. மாதவிடாய் வரட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து, அதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும். பால் கொடுக்கும் அம்மாக்கள் முதல் ஆறு மாதம் மாலா-என் போடக் கூடாது, சாயா போடலாம்.

அவசர மாத்திரையை மாதாமாதம் போடுபவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது அது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நடந்து முடிந்த உறவுக்கு மட்டும்தான் அது. மறுநாள் உறவுக்குப் பாதுகாப்பு தராது. ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டால் அதைவிட உறுதியான பலன் உண்டு, தொடர்ந்து பாதுகாப்பும் கிடைக்கும்.

கடைசியாக, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு மாலா-என் பலன் குறையும். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.