மார்க்கம் வீட்டின் விற்பனை ஒப்பந்தத்தை இடையில் முடித்த அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மார்க்கம் நகரிலிருந்த எங்கள் வீட்டை விற்பதற்காக ஆறு மாத ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தோம். இரண்டு மாதங்கள் கழிந்தும் வீட்டைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை, அதை விற்றுத் தரவேண்டிய முகவர் தெரிவிக்கவில்லை. அழைத்தாலும் பதில் இல்லை. முகவரை மாற்றினால் போதும் என்றே எண்ணியிருந்தோம். ஆனால், ஒப்பந்தம் அவருடன் அல்ல, அவர் பணிபுரியும் தரகு நிறுவனத்துடன் செய்யப்பட்டது என்பதும், நிறுவனம் இசையாமல் அதை இடையில் முடிப்பது எளிதல்ல என்பதும் தாள்களை மறுபடி படித்தபோதுதான் விளங்கின.

பதில் வராத அழைப்புகளின் தேதிகளை வரிசையாகக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் பொறுப்புத் தரகருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கடுஞ்சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை. வேறொரு முகவரைத் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் மறுக்கவே, ரத்துப் படிவம் அனுப்பினார்கள்.

என்னை மிகவும் கலங்கச் செய்தது ஹோல்டோவர் பிரிவுதான். ஒப்பந்தக் காலத்தில் வீட்டைப் பார்த்த எவரேனும், அது முடிந்த 90 நாள்களுக்குள் வாங்கினால், பழைய நிறுவனம் தரகு கேட்கலாம் என்று அதில் இருந்தது. ஆகவே, அப்படிப் பார்த்த நால்வரின் பெயர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று படிவத்திலேயே எழுதித் தரும்படி வற்புறுத்திப் பெற்றேன். இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் கைக்கு வந்து, விற்பனைக்குள்ள வீடுகளை முகவர்கள் பகிர்ந்துகொள்ளும் எம்எல்எஸ் பட்டியலிலிருந்து வீடு நீங்கியதையும் உறுதிசெய்த பிறகே, இரட்டைத் தரகு கொடுக்க நேருமோ என்ற அச்சமின்றி, வேறு நிறுவனத்துடன் கையெழுத்திட்டோம்.